இடர்க்காலத்தில் உடல்வழி உளந்தேற்றல்

ஆசிரியர்க்குரிய பாடம்

பாடப்பொருள்

உளத்தில் உண்டாகுந் துயரம் உளத்தோடு நின்றொழிவதன்று. அஃது உடலிலும் இறங்கி, மூச்சிலும் நெஞ்சிலும் வயிற்றிலும் தசையிலும் தங்கும். அங்ஙனந் தங்கிய துயரத்தைச் சொல்லினால் மாத்திரம் அகற்ற முயல்வோர் பலகால் முயன்று இளைப்படைவர். உடலின் வழியே சென்று உளத்தைத் தேற்றும் முறை யாது, அதற்குக் காரணம் யாது, வகுப்பறையில் ஆசிரியர் அதனை எவ்வளவிற் கைக்கொள்ளலாம், எவ்விடத்தில் நிறுத்தல் வேண்டும் என்னும் நான்கினையும் இப்பாடத்திற் கூறுவாம்.

நமது நாட்டு ஆசிரியருக்கு இப்பொருள் அயலானதன்று. 1983ஆம் ஆண்டு தொடங்கி 2009ஆம் ஆண்டு மே மாதம் வரையும் நிகழ்ந்த யுத்தம், 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஊரோடு பெயர்ந்து சென்றமை, 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி இந்நாட்டில் 30,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்ட கடற்கோள், 2020ஆம் ஆண்டிற் பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டமை, 2022ஆம் ஆண்டின் பொருள் நெருக்கடி என்னும் இவற்றுள் ஒன்றேனுந் தீண்டாத குடும்பம் வடக்கிலும் கிழக்கிலும் அரிது. யுத்தத்தைக் காணாது பிறந்த பிள்ளையும், அதனைக் கண்ட தாயின் மடியில் வளர்ந்த பிள்ளையே என்பதை மறத்தலாகாது.

1. ஒரு நிகழ்ச்சி

2010ஆம் ஆண்டின் இரண்டாந் தவணையில், வன்னியிலுள்ள ஒரு சிறு பாடசாலையில் ஐந்தாம் வகுப்புக்கு யான் கணிதங் கற்பித்துக்கொண்டிருந்தேன். கூரை தகரத்தாலாயது, அதன்மேல் ஒரு மாமரங் கவிந்து நின்றது. பின்னக் கணக்கொன்றைக் கரும்பலகையில் எழுதுங்கால் மாங்காயொன்று கூரையில் வீழ்ந்து பேரொலி செய்தது. திரும்பிப் பார்த்தேன். ஒரு மாணாக்கன் இருக்கையில் இல்லை. மேசையின் கீழ் முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடந்தான். ஏனையோர் நகைத்தனர். யான் அதனை விளையாட்டென்று கருதி, எழுந்திருக்கும்படி அதட்டினேன். அவன் எழவில்லை, பேசவுமில்லை. அதட்டுந்தோறும் அவனுடல் மேலும் மேலும் ஒடுங்கியது. கண் திறந்திருந்தது, ஆயினும் என்னை அவன் கண்டானல்லன்.

மறுநாள் அவனுடைய அம்மம்மா பாடசாலைக்கு வந்தார். எழுத்தறியாத முதியவர். "ஐயா, பிள்ளை ஒளிக்கவில்லை, பிள்ளையின் உடம்பு ஒளிக்கிறது" என்று மாத்திரஞ் சொல்லிப் போயினார். பல நூல்களை வாசித்தும் யான் அறியாதிருந்த ஒன்றை அம்முதியவர் ஒரு வாக்கியத்திற் சொல்லிவிட்டார். அவ்வாக்கியத்தின் உரையே இப்பாடம் என்று கொள்க.

2. அச்சத்தில் உடல் செய்வது யாது?

நமது உடலில் நாம் ஏவாமலே இயங்கும் நரம்புத்தொகுதி ஒன்று உண்டு. அதனைத் தன்னாட்சி நரம்புத்தொகுதி என்பர். அஃது இரு பிரிவினது. ஒன்று பரிவு நரம்புத்தொகுதி. மற்றையது பராபரிவு நரம்புத்தொகுதி. முன்னையது உடலை முயற்சிக்கு எழுப்புவது. பின்னையது உடலை ஆறுதற்படுத்தி, உணவு செரித்தற்கும் உறங்குதற்கும் உரியதாக்குவது. வண்டிக்கு ஓட்டமும் தடையும் போல இவ்விரண்டும் வேண்டப்படுவனவே.

ஆபத்து நேர்ந்தபோது மூளையினுள்ளே பாதாம்பருப்பின் வடிவினதாய் உள்ள ஒரு சிறு பகுதி, அறிவு ஆராய்ந்து முடிவு செய்யுமுன்னரே எச்சரிக்கை செய்கின்றது. உடனே பரிவு நரம்புத்தொகுதி எழுகின்றது. சிறுநீரகங்களின் மேலுள்ள அதிரீனற் சுரப்பிகள் அதிரினலினைச் சுரக்கின்றன. நெஞ்சு விரைந்து துடிக்கும்; மூச்சு விரையும்; கண்மணி விரியும்; வாய் உலரும்; குடலின் வேலை தளரும்; குருதி கை கால்களின் பெருந்தசைகளை நோக்கிப் பாயும். போர் செய்தற்கோ தப்பியோடுதற்கோ உடல் இவ்வாறு ஆயத்தமாகின்றது என்று ஐக்கிய அமெரிக்காவின் உடற்றொழிலியல் அறிஞர் வோல்ற்றர் கனன் 1915ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார். போர் செய்தலும் ஓடுதலும் இயலாதவிடத்து உடல் அசைவற்று உறைந்து போதலும் உண்டு. மேசையின் கீழ்க் கிடந்த மாணாக்கனிடம் யான் கண்டது அதுவே.

இவ்வெழுச்சி ஆபத்துக் கழிந்தவுடன் அடங்குமாயின் அஃது உடலுக்குக் காவலேயாகும். ஆபத்து மாதக்கணக்காய் நீடிக்குமாயின், அல்லது ஆபத்துக் கழிந்தும் உடல் அதனை அறியாதிருக்குமாயின், காவலே நோயாகின்றது. கனடாவிலே மொன்றியல் நகரில் ஆராய்ச்சி செய்த கான்சு செலியே என்பவர், பலவகைத் துன்பங்களுக்கும் உடல் ஒரேவகையாய் விடையிறுக்கும் முறையை 1936ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். முதலில் எச்சரிக்கை, பின்னர் எதிர்த்து நிற்றல், இறுதியில் இளைத்து வீழ்தல் என அது மூன்று நிலையினது. நீண்ட இடர்க்காலத்தில் மக்கள் முதலிற் பரபரப்பும், பின் ஒருவகை உறுதியும், அதன்பின் காரணந் தெரியாத சோர்வும் அடைதலை நாம் கண்டிருக்கின்றோம். அச்சோர்வு சோம்பலன்று.

இங்கே ஆசிரியர் கருத்தில் இருத்தவேண்டியது ஒன்று. எச்சரிக்கை அறிவுக்கு முந்துவதாதலின், "பயப்படாதே, இஃது வெறும் மாங்காய்" என்னும் சொல் அப்பொழுது உள்ளே செல்லாது. சொல் அறிவின் வாயிலைத் தட்டுகின்றது. அச்சமோ அவ்வாயிலுக்கு அப்பால் வேறோரிடத்தில் நிற்கின்றது. அவ்விடத்துக்குச் செல்லும் வழி உடல்.

3. நம்மவர் சொல்லும் முறை

யாழ்ப்பாணத்து மக்கள் தமது துயரைப் பெரும்பாலும் உடலின் மேல் வைத்தே கூறுவர். "நெஞ்சு பதகளிக்கிறது", "தலையிடி மாறவில்லை", "கை கால் உளைகிறது", "நித்திரை வருகுதில்லை" என்பர். துக்கமென்று சொல்லமாட்டாத தாயொருத்தி பெருமூச்சு விடுவாள். பதகளிப்பு என்னுஞ் சொல்லை இங்குள்ள உளநல வைத்தியர்கள் தமது நூல்வழக்கிலும் ஏற்றுக்கொண்டனர். இவற்றைக் கேட்போர் சிலர், நோய் இல்லாதிருக்கவும் நோயென்று நடிக்கின்றனர் என எண்ணுவர். அது பிழை. துயரம் உண்மை, நோவும் உண்மை, இரண்டும் ஒன்றன் இரு முகங்கள்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராயிருந்த தயா சோமசுந்தரம் அவர்கள், யுத்தத்தால் வடுப்பட்ட மனங்களைப் பற்றி 1998ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அவரும் அவரோடு உழைத்தோரும் மக்களுக்குப் பழக்கமான சாந்த வழிகளையே சிகிச்சையிற் சேர்த்தனர். சைவர்க்குப் பிராணாயாமமும் செபமும் சாந்தியாசனமும், கிறித்தவர்க்குச் செபமாலை, இசுலாமியர்க்குத் திக்கிர், பௌத்தர்க்கு ஆனாபானசதி என, அவரவர்க்கு உரியதை அவரவர்க்குக் கொடுத்தனர். பழகாத ஒன்றைப் புதிதாகப் புகட்டுவதினும், பாட்டனும் பாட்டியும் செய்யக் கண்ட ஒன்றை மீட்டுக்கொடுத்தல் எளிதென்பது இதன் கருத்து.

4. மூச்சு என்னும் வாயில்

நெஞ்சின் துடிப்பை நாம் ஏவி நிறுத்தல் இயலாது. குடலின் அசைவை ஏவுதலும் இயலாது. மூச்சு ஒன்றே தானாகவும் நடக்கும். நாம் நடத்தவும் நடக்கும். ஆதலின் ஏவல் செல்லாத உள்வீட்டினுள் ஏவல் செல்லத்தக்க வாயில் மூச்சேயாம்.

இதனை ஆசிரியர் தம்மிடத்திலேயே பரீட்சித்து அறியலாம். அமைதியாய் இருந்து மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து நாடியைப் பார்க்க. மூச்சை உள்வாங்குங்கால் நாடி சிறிது விரைதலையும், மெல்ல வெளிவிடுங்கால் சிறிது தாழ்தலையும் பலர் உணர்வர்; இளையோரிடத்தில் இவ்வேறுபாடு தெளிவாய்த் தோன்றும். மூளையினின்றும் நெஞ்சுக்கும் வயிற்றுக்குஞ் செல்லும் வேகசு என்னும் நரம்பு வெளிமூச்சின்போது நெஞ்சை மிகுதியும் தடுத்து ஆற்றுதலே இதற்குக் காரணம். ஆகவே உள்மூச்சினும் வெளிமூச்சு நீளுமாயின், ஒவ்வொரு மூச்சிலும் ஆறுதற் பக்கம் சிறிது பாரம் ஏறுகின்றது.

வளர்ந்தோர் அமைதியாய் இருக்குங்கால் நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை மூச்சு விடுவர். 2001ஆம் ஆண்டில் இத்தாலி தேசத்து ஆராய்ச்சியாளர் லூச்சியானோ பெர்ணார்டியும் அவர் கூட்டத்தாரும் பிரித்தானிய வைத்திய சஞ்சிகையில் ஒரு சிற்றாய்வை வெளியிட்டனர். உடல்நலமுள்ள 23 பேர் கிறித்தவச் செபமாலைச் செபத்தையும் பௌத்த மந்திரமொன்றையும் உச்சரித்தபோது, இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாகத் தணிந்தது. குருதியமுக்கத்தை நிதானப்படுத்தும் உடற்செயலும் செவ்விதாயிற்று. சமயம் வேறு, மொழி வேறு. மூச்சின் அளவு ஒன்று. பண்ணோடு திருமுறை ஓதும் பிள்ளையும் ஓரடியை ஒரு மூச்சிற் பாடி, அடுத்த அடிக்கு முன் மூச்செடுக்கின்றது. அதன் பயன் வழிபாடே. எனினும் நெடிய வெளிமூச்சாகிய உடற்பயனும் அதனுடன் கூடவே வருதல் இயல்பு.

திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தை விரித்தனர். பிராணாயாமம் அவ்வெட்டினுள் ஒன்று. அங்கே கூறப்பட்ட குறிக்கோள் வேறு. இங்கே நாம் கருதும் சிகிச்சைப் பயன் வேறு. முன்னோர் அதிரினலினை அறிந்திருந்தனர் என்று பெருமை பேசுதல் வேண்டா. உடலை இகழாது அதனை உயர்ச்சிக்குக் கருவியாகக் கொண்டனர் என்பதே நமக்குப் போதிய பெருமை. யோகப் பயிற்சிகளை ஆய்கூடத்தில் அளந்தறியும் முயற்சியைச் சுவாமி குவலயானந்தர் 1924ஆம் ஆண்டில் லோணாவளாவிற் கைவல்யதாமத்தைத் தாபித்து முன்னடத்தினார். அவ்வாறு அளந்தறிந்தவற்றையே கற்பித்தல் ஆசிரியர்க்கு அழகு.

5. சான்றும் அதன் அளவும்

கடற்கோள் நிகழ்ந்த சில வாரங்களுள், வடகிழக்கு இலங்கையின் அகதிமுகாமொன்றில் 31 பிள்ளைகளிடத்து ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. 2009ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் உடையோரென முதற்கண் மதிக்கப்பட்ட அப்பிள்ளைகள் இரு கூறாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு கூற்றினர் தமக்கு நேர்ந்ததை ஒழுங்காக எடுத்துரைக்கும் சிகிச்சையையும், மற்றைக் கூற்றினர் தியானமும் உடற்றளர்ச்சியுங் கூடிய சிகிச்சையையும் பெற்றனர். இரண்டும் அவ்விடத்திலே பயிற்சிபெற்ற உள்ளூர் ஆலோசகராலேயே ஆறு அமர்வுகளில் நடத்தப்பட்டன. ஆறு மாதங்களின் பின் முதற் கூற்றினருள் நூற்றுக்கு 81 பேரும், இரண்டாங் கூற்றினருள் நூற்றுக்கு 71 பேரும் அந்நோய் நீங்கினர். பெரும் பட்டம் பெற்ற வைத்தியர் இல்லாதவிடத்தும், சிறிது பயிற்சியுடையோர் செய்யத்தக்க எளிய முறை நற்பயன் தரக்கூடும் என்பது இதனாற் புலனாகும். எனினும் பிள்ளைகள் தொகை சிறிது. யாதொரு சிகிச்சையும் பெறாத மூன்றாவது கூற்றினர் இல்லாமையால், காலமே ஆற்றியது எவ்வளவு என்பதைப் பிரித்தறிதலும் இயலாது.

மற்றோராய்வு நம்மை மேலும் எச்சரிக்கின்றது. வட இலங்கைப் பாடசாலைகளில் 399 பிள்ளைகளிடத்து நடத்தப்பட்டு 2012ஆம் ஆண்டில் வெளிவந்த அவ்வாய்வில், சிந்தனைப் பயிற்சியும் கலைப் பயிற்சியுங் கலந்த 15 அமர்வுகள் வகுப்புப் பிள்ளைகளுக்கு அளிக்கப்பட்டன. முதன்மையாய்க் கருதிய குறிகளில் எல்லார்க்கும் பொதுவான பயன் காணப்படவில்லை. நடத்தைக் குறைகள் தணிந்தன. ஆண்பிள்ளைகளுக்கு அச்சக்குறிகளில் நன்மை மிகுந்தது. பெண்பிள்ளைகளிடத்திலோ, பயிற்சி பெற்றோரினும் பெறாது காத்திருந்தோருக்கே மனவடுக்குறிகள் மிகுதியுங் குறைந்தன. அன்றியும், யுத்தத்தால் வந்த நெருக்கடி அப்பொழுதுங் குறையாதிருந்த பிள்ளைகளிலும், குறைந்திருந்த பிள்ளைகளே அதிக நன்மை பெற்றனர். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மருந்து என்று எண்ணி வகுப்பு முழுவதையும் ஓரச்சில் வார்த்தலாகாது என்பதே இவ்வாய்வு கற்பிக்கும் பாடம்.

6. வகுப்பறைக்குரிய பயிற்சிகள்

கீழ்வருவன நோய் தீர்க்குஞ் சிகிச்சையல்ல. எல்லாப் பிள்ளைகளும் நாள்தோறும் செய்யத்தக்க உடலொழுக்கங்கள். பாடந் தொடங்குமுன் ஐந்து நிமிடம் போதும்.

முதலாவது, நிலத்தை உணர்தல். பிள்ளைகள் இரு பாதங்களையும் நிலத்திற் பொருந்த வைத்து, குதிகாலையும் விரல்களையும் மாறி மாறி அழுத்துக. கை மேசையின் குளிர்ச்சியை உணர்க. கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருள்களை மனத்துள் எண்ணுக. அச்சமுற்ற உடல் கழிந்த காலத்தில் நிற்கின்றது. பாதம் நிற்பதோ இன்றைய நிலத்தில். பாதத்தின்வழி உடலை இன்றைக்குக் கொண்டுவருதலே இதன் நோக்கம்.

இரண்டாவது, நெடிய வெளிமூச்சு. நான்கு எண்ணும் வரை மூக்கால் மூச்சை வாங்கி, ஆறு எண்ணும் வரை மெல்ல விடுக. எண்ணிக்கை ஒவ்வொன்றும் ஒரு விநாடியாயின் ஒரு மூச்சுக்குப் பத்து விநாடியும், ஆறு மூச்சுக்கு ஒரு நிமிடமும் ஆகும். இளம்பிள்ளைகளுக்கு எண்ணிக்கை நீளுமாயின் மூன்றும் நான்குமாகக் குறைக்க. சூடான கஞ்சியை ஊதி ஆற்றுவது போல விடுக என்றால் அவர் எளிதில் அறிவர். மார்பு உயராது வயிறு உயர்தல் நன்று. மூச்சை அடக்கி நிறுத்துங் கும்பகத்தை வகுப்பிற் பயிற்றற்க. அது குருவின் முன்னிலைக்குரியது.

மூன்றாவது, இறுக்கித் தளர்த்தல். இம்முறையைச் சிக்காகோவில் வாழ்ந்த வைத்தியர் எட்மண்டு ஜேக்கப்சன் ஆராய்ந்து 1929ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். தசை முற்றாய்த் தளர்ந்தவிடத்து அச்சம் முற்றாய் நிலைபெறல் அரிது என்பது அவர் கொள்கை. கைமுட்டியை ஐந்து விநாடி இறுக்கிப் பின் விடுக. இறுக்கத்துக்கும் தளர்ச்சிக்குமுள்ள வேற்றுமையைப் பத்து விநாடி கவனிக்க. இவ்வாறே தோள், நெற்றி, வயிறு, கால் என்பவற்றை முறையே செய்க. தோளைக் காதுவரை உயர்த்தித் தொப்பென்று விடுதலில் சிறார்க்கு மிக்க விருப்பம்.

நான்காவது, சேர்ந்து பாடல். காலைப் பிரார்த்தனையைக் கடமைக்காக விரைந்து முடியாது, பண் அமைதியோடு பாடுவிக்க. பலர் ஒரே காலத்தில் மூச்செடுத்து ஒரே காலத்தில் விடுதல், தனித்திருந்த பிள்ளையைத் தன் கூட்டத்தோடு சேர்க்கும். வேற்றுச் சமயப் பிள்ளை வகுப்பில் உளதாயின், அதற்குப் பழகிய பாட்டுக்கும் இடங் கொடுக்க.

ஐந்தாவது, விளையாட்டு. கிளித்தட்டு, கும்மி, கோலாட்டம், கயிறடித்தல் என்பவற்றைப் படிப்புக்குப் பகையென எண்ணற்க. கிளித்தட்டில் ஓடும் பிள்ளையின் நெஞ்சும் அச்சத்திற் போலவே விரைந்து துடிக்கின்றது. ஆயினும் அத்துடிப்பின் முடிவில் வருவது நகைப்பு. நெஞ்சு துடித்தல் எல்லாம் அழிவின் அறிகுறியன்று என்பதை உடல் இவ்வாறு தானே கற்றுக்கொள்கின்றது. இதனைச் சொல்லாற் கற்பித்தல் அரிது.

7. விலக்கவேண்டியன

கண்ணை மூடும்படி வற்புறுத்தற்க. சில பிள்ளைகளுக்குக் கண் மூடியவுடன் பழைய காட்சி எழும். கண்ணைத் திறந்து நிலத்தில் ஒரு புள்ளியை நோக்கினும் பயன் ஒன்றே. மூச்சைக் கவனித்தலாற் பதகளிப்பு மிகுமாயின் மூச்சை விட்டுப் பாதத்துக்குச் செல்க. செய்ய விரும்பாத பிள்ளை சும்மா இருக்க இடங்கொடுக்க. ஏவலால் ஒடுங்கிய உடலை மற்றோர் ஏவலால் விரித்தல் இயலாது.

பிள்ளையின் உடலைத் தொட்டுத் திருத்தற்க. செய்து காட்டுதலே ஆசிரியர் தொழில். உடலிற் பழைய காயம் உடையோரும், எறிகணைச் சிதறல் உடலினுள்ளே தங்கியோரும், ஈளை நோயுடையோரும் இருக்கலாம். பெற்றோரிடத்துங் கேட்டறிந்து, வலிக்கும் அசைவை விலக்குக.

நடந்ததைச் சொல்லும்படி வகுப்பின் நடுவே வினவற்க. சொல்ல வரும் பிள்ளைக்குச் செவி கொடுக்க. வராத பிள்ளையின் மௌனத்தை மதிக்க.

பிரம்பை உயர்த்தற்க. கல்வியமைச்சு 2005ஆம் ஆண்டிலேயே உடற்றண்டனையைச் சுற்றறிக்கையால் விலக்கியுள்ளது. அவ்விலக்கு இல்லாதிருந்தாலும், மேலே கூறிய உடலியலே அதனை விலக்கும். அஞ்சிய உடலுக்கு உயர்ந்த பிரம்பு ஒழுக்கத்தின் அடையாளமன்று; ஆபத்து இன்னும் முடியவில்லை என்பதற்குச் சான்று.

பல வாரங்களாய் உறக்கமும் உணவும் கெட்ட பிள்ளை, முன் அறிந்த பாடத்தையும் மறக்கும் பிள்ளை, சாவைப் பற்றிப் பேசும் பிள்ளை, தன்னுடலைத் தானே காயப்படுத்தும் பிள்ளை ஆகியோரை மூச்சுப்பயிற்சியோடு நிறுத்தி வைத்தல் பெரும் பிழை. பாடசாலையின் ஆலோசனை ஆசிரியருக்கு அறிவித்து, பெற்றோரோடு பேசி, வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அன்றே வழிப்படுத்துக. தலையிடி, நெஞ்சுநோவு என்பவற்றுக்கு உடல்நோய் காரணமாமோ என்பதையும் வைத்தியரே ஆராய்தல் வேண்டும்.

8. ஆசிரியருடைய உடல்

வகுப்பறையிலுள்ள உடல்களுள் முதன்மையானது ஆசிரியருடையது. பிள்ளைகள் சொல்லைக் கேட்குமுன் குரலைக் கேட்கின்றனர். குரலைக் கேட்குமுன் முகத்தைப் பார்க்கின்றனர். தோள் இறுகி, பல் நெரிந்து, "அமைதியாய் இருங்கள்" என்று கூவும் ஆசிரியரிடத்துப் பிள்ளைகள் கற்பது அமைதியன்று.

நாமும் இழந்தவர்களே. வீட்டை இழந்தோர், மகனை இழந்தோர், பல முறை இடம்பெயர்ந்தும் பதிவேட்டைக் கைவிடாது சுமந்து சென்றோர், மரநிழலில் வகுப்பு நடத்தினோர் நம்முள் உளர். 2022ஆம் ஆண்டில் எரிபொருள் இல்லாமையாற் பல மைல் மிதிவண்டியிலும் கால்நடையாயும் வந்து பாடஞ் சொன்னோரும் உளர். பிறர் துயரை ஆற்றும் பொறுப்பு மேலும் மேலும் நம்மேல் ஏற்றப்படுங்கால், நமது உடல் எழுப்பும் முறையீட்டை நாம் கேளாதிருத்தல் எளிது. தவணைத் தொடக்கத்தில் உறக்கமின்மை, தவணை நடுவில் எரிச்சல், தவணை இறுதியிற் காரணமில்லாத சோர்வு என்பன உளவாயின், செலியே கூறிய மூன்று நிலைகளையும் நினைவுகூர்க. வகுப்புக்குள் நுழையுமுன் வாயிலில் நின்று ஆறு மூச்சு விடுதற்கு ஒரு நிமிடமே செல்லும். மாலையில் நடத்தல், வாரத்தில் ஒருநாள் எண்ணெய் முழுக்கு, உரிய காலத்தில் உறங்குதல், ஒத்த ஆசிரியர் ஒருவரோடு மனம் விட்டுப் பேசுதல் என்பன போகமல்ல. தொழிற் கருவியைத் தீட்டுதல் போல்வன.

9. எல்லை

இம்முறையின் எல்லையை மறைத்தல் நேர்மையன்று. வெறுவயிற்றுக்கு மூச்சுப்பயிற்சி சோறாகாது. காலையுணவு இன்றி வந்த பிள்ளையின் கை நடுங்குவது பசியால். அதற்கு மருந்து உணவு. காணாமற்போன தந்தையைத் தேடி நிற்குங் குடும்பத்துக்கு உடற்றளர்ச்சி விடையாகாது. அவர் வேண்டுவது உண்மை. ஆபத்து நீங்காதவிடத்துப் பயன் குறையும் என்பதை 2012ஆம் ஆண்டின் ஆய்வும் காட்டிற்று. ஆதலின் துன்பத்தின் காரணத்தை நீக்கும் கடமையை ஒழித்து, துன்பத்தைத் தாங்கப் பழகுக என்று எளியோர்க்கு மாத்திரம் உபதேசித்தலாகாது. தாங்கும் வலி எதற்கெனின், காரணத்தை நீக்க எழுந்து நிற்பதற்கே.

முற்கூறிய மாணாக்கனைப் பற்றி ஒன்று சொல்லி முடிப்பாம். அவன் அந்தத் தவணையிலேயே தேறினானல்லன். யான் முதலிற் செய்தது மன்னிப்புக் கேட்டதே. பின்னர் வகுப்பு முழுவதும் நாள்தோறும் பாதத்தை ஊன்றி ஆறு மூச்சு விட்டுக் கணக்குத் தொடங்கினோம். அவனைத் தனியே பிரித்தேனல்லேன். மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கும் அவன் அம்மம்மா அவனை அழைத்துச் சென்று வந்தார். மாங்காய் பல முறை வீழ்ந்தது. அவன் பல முறை மேசைக்கீழ்ச் சென்றான். ஏனையோர் நகைத்தலை விட்டனர். ஒருவன் அவன் அருகே குந்தியிருக்கப் பழகினான்.

அடுத்த ஆண்டு மாம்பருவத்தில் ஒருநாள், பழைய வகுப்பறைக்கு முன்னாலுள்ள மண்டபத்தில் ஆறாம் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. மாங்காய் வீழ்ந்தது. அவன் மேசையின் விளிம்பை இரு கையாலும் இறுகப் பற்றினான். பாதங்களை நிலத்தில் அழுத்தினான். வாய் குவிந்து நீண்ட மூச்சொன்று வெளியே வந்தது. பின்பு பென்சிலை எடுத்து எழுதத் தொடங்கினான்.

தேர்ச்சி வினாக்கள்

1. அச்சமுற்ற பிள்ளைக்கு அறிவுரை உடனே பயன்படாமைக்குக் காரணம் யாது?

2. உள்மூச்சினும் வெளிமூச்சு நீளுதல் வேண்டும் என்பது ஏன்?

3. 2009ஆம் ஆண்டின் ஆய்வு காட்டிய நன்மை யாது? அதனின்றும் நாம் முடிவு செய்யத்தகாதது யாது?

4. கிளித்தட்டு உளநலத்துக்கு உதவுவது எவ்வாறு?

5. எக்குறிகள் கண்டவிடத்து ஆசிரியர் பயிற்சியோடு நில்லாது வைத்தியரை நாடுதல் வேண்டும்?

6. உமது வகுப்பிற் "சோம்பேறி" அல்லது "குழப்படிக்காரன்" எனப் பெயர் பெற்ற பிள்ளை ஒன்றை நினைக்க. அப்பிள்ளையின் உடல் எதனை ஒளிக்கின்றது?